மைலோ டின்னில் கிடந்த டிஸ்கெட்டுகள்: பழைய கோப்புகளை மீட்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு போட்டோஸ்டேட் கடை. கம்ப்யூட்டர் பழுதும் பார்ப்பேன். தீபாவளிக்குச் சில வாரம் இருக்கும்போது ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர் வந்து, துருப்பிடித்த மைலோ டின் ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே 23 டிஸ்கெட்டுகள் (ஃப்ளாப்பி வட்டுகள்), ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தன. ரப்பர் உருகி லேபிளோடு ஒட்டிப்போயிருந்தது.

“தம்பி, இதெல்லாம் இன்னும் தொறக்குமா?”

“தெரியலங்க ஐயா. வச்சிட்டுப் போங்க, பாக்கிறேன்.”

“கோயில் கணக்கு, லயத்துல யார் யாரு இருந்தாங்கன்னு பேர் லிஸ்ட்டு, எல்லாம் இதுலதான் கெடக்கு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நான் உக்காந்து தட்டுனது.”

அவர் செக்ரோல் என்ற கூலிப் பதிவேடு எழுதிய தோட்டம் இப்போது தாமான், அதாவது புதுக் குடியிருப்பு. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இரட்டைமாடி வீடுகள். அந்தப் பேர் லிஸ்ட்டுக்கு வேறு நகல் எங்கும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். நான் அப்படித் தொடங்கவில்லை. அவசரப்பட்டு இரண்டு டிஸ்கெட்டை என் கையாலேயே கெடுத்தேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு டின் இருந்தால், கம்ப்யூட்டரை நெருங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் கையில் எடுத்துப் பாருங்கள்

கெட்டியான பிளாஸ்டிக் உறையும் நகரும் தகடும் உள்ளது 3.5 அங்குல டிஸ்கெட். சோனி நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த வகை இது. நம் ஊர் வீடுகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். வளைந்து கொடுக்கும் மெல்லிய உறையில் இருப்பது அதற்கு முந்தைய 5.25 அங்குல வகை. அது வேறு கதை, பிறகு சொல்கிறேன்.

3.5 அங்குல டிஸ்கெட்டின் மூலைகளைக் கவனியுங்கள். இரண்டு மூலையிலும் சதுர ஓட்டை இருந்தால் அது 1.44 எம்பி கொள்ளும். ஒரே ஓட்டை என்றால் 720 கேபி. இரண்டு ஓட்டைகளில் ஒன்றுக்கு மட்டும் பின்பக்கம் நகரும் சிறு கட்டை இருக்கும். ஓட்டை திறந்து வெளிச்சம் தெரியும்படி அந்தக் கட்டையைத் தள்ளிவிடுங்கள். திறந்திருந்தால் டிஸ்கெட்டில் எதுவும் எழுத முடியாது, வாசிக்க மட்டுமே முடியும். வைரஸ் ஸ்கேன், விண்டோஸ், தவறாக அழுத்திய பொத்தான் எதுவும் உள்ளே கை வைக்காது. 23 டிஸ்கெட்டுக்கும் இதை ஒரே மூச்சில் செய்து முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். 5.25 அங்குலத்தில் இது நேர்மாறு: ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூடினால்தான் பூட்டு.

அடுத்து பூசணம். நான் கோட்டை விட்டது இங்கேதான்.

நம் ஊர் ஈரப்பதம் தெரியும்தானே. தோல் பெல்ட்டை ஒரு மாதம் அலமாரியில் விட்டாலே வெள்ளை பூக்கும். இருபது வருடம் டின்னில் கிடந்த டிஸ்கெட் எப்படி இருக்கும்? தகட்டை விரலால் மெல்ல ஒதுக்கி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்ளே தெரியும் வட்டு கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ, ஒரே சீராய்ப் பளபளக்க வேண்டும். பின்பக்க உலோகப் பொட்டை விரலால் சுற்றி, முழு வட்டையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். தோசையில் மாவு தெளித்தாற்போல வெள்ளைப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். டிரைவில் போடவே கூடாது.

காரணம் எளியது. ஹார்ட் டிஸ்க்கில் வாசிக்கும் தலை வட்டைத் தொடாமல் மிதக்கும். டிஸ்கெட்டில் தலை வட்டின்மேல் உரசிக்கொண்டே இருக்கும், வட்டோ நிமிடத்துக்கு 300 தடவை சுற்றும். பூசணம் தலையில் அப்பிக்கொண்டால் அது உப்புத்தாள் மாதிரி வட்டைத் தேய்க்கும். பூசணம் இருந்த ஒன்றை நான் உள்ளே தள்ளினேன், கீச்சென்று சத்தம் வந்தது. உடனே வெளியே எடுத்தேன். பிறகு, தலையைத் துடைக்காமலே, நல்ல நிலையில் இருந்த அடுத்த டிஸ்கெட்டைப் போட்டேன். எடுத்துப் பார்த்தால் அதன் வட்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல், சுற்று முழுவதும். அந்தக் கீறலுக்குள் இருந்த தகவலை இனி யாராலும் எடுக்க முடியாது.

பூசணம் பிடித்ததைச் சுத்தம் செய்ய வழி இருக்கிறது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் மூக்கில் ஏறும். தகட்டைக் கழற்றி, உறையின் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி நெம்பினால் உறை இரண்டாகப் பிரியும். வட்டை வெளியே எடுத்து, இழை உதிராத துணியில் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் நனைத்து, அழுத்தாமல் இரு பக்கமும் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம். மின்னணுச் சாமான் கடையில் 99 சதவீதம் கேட்டு வாங்குங்கள். நன்றாக உலர்ந்தபின் பழைய உறைக்குள் திரும்பப் போடாதீர்கள். அதன் உள்துணியிலும் பூசணம் இருக்கும். யாருக்கும் வேண்டாத நல்ல டிஸ்கெட் ஒன்றைப் பிரித்து அந்த உறைக்குள் வைத்து மூடுங்கள். முதலில் உதவாத ஒன்றில் பழகிப் பாருங்கள். எனக்கு மூன்றாவதில்தான் கை வந்தது.

டிரைவ்

யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் இணையக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. நான் 58 வெள்ளிக்கு வாங்கினேன். பெட்டி புத்தம் புதிது. திருகைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பழைய லேப்டாப்பில் இருந்த இயந்திரம். கோபப்பட ஒன்றுமில்லை. ஜப்பானில் சோனியே டிஸ்கெட் விற்பனையை 2011 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இந்தச் சாமானெல்லாம் ஏறக்குறைய பழைய சரக்குதான். அதனால் முடிந்தால் இரண்டு டிரைவ் வாங்குங்கள், வேறு வேறு தயாரிப்பாக. ஒன்றில் வாசிக்காதது மற்றொன்றில் வாசிப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு டிரைவின் தலையும் தடத்தின்மேல் (தகவல் எழுதியிருக்கும் வட்டக் கோடு) மயிரிழை முன்னே பின்னே உட்காரும். எழுதிய டிரைவ் எப்படி உட்கார்ந்ததோ அதற்கு நெருக்கமாக உட்காரும் டிரைவ் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

யூஎஸ்பி டிரைவ் 1.44 எம்பியை வாசிக்கும். 720 கேபியைச் சில வாசிக்கும், சில வாசிக்காது. பழைய மேக்கின்டாஷின் 400, 800 கேபி டிஸ்கெட்டுகளையும் அமீகா என்ற பழைய கணினியின் டிஸ்கெட்டுகளையும் இதனால் வாசிக்கவே முடியாது. அவற்றில் எழுதியிருக்கும் முறையே வேறு. அவற்றுக்கும் 5.25 அங்குலத்துக்கும் கிரீஸ்வீசல் என்ற சிறு பலகை இருக்கிறது. பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய டிரைவை அதன் பட்டைக் கேபிளில் மாட்டி, பலகையை யூஎஸ்பியில் செருகினால், வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்து தரும். 5.25 டிரைவுக்கு 12 வோல்ட் மின்சாரம் தனியாகக் கொடுக்க வேண்டும். முதல்முறை செய்பவர்கள் இதில் இறங்க வேண்டாம், 3.5 அங்குலத்தில் கை பழகட்டும்.

ஏர்கோன் அறையில் இருந்த டிஸ்கெட்டை வெளியே கொண்டுவந்து உடனே போடாதீர்கள். குளிர்ந்த கண்ணாடிபோல அதன்மேல் ஈரம் படியும். அரை நாள் சும்மா கிடக்கட்டும்.

கோப்பைத் திறக்காதீர்கள், வட்டை நகலெடுங்கள்

சரி, பூட்டியாயிற்று, பூசணம் பார்த்தாயிற்று. உள்ளே போடுகிறீர்கள். விண்டோஸில் ‘ஏ’ டிரைவ் என்று வரும். கை தானாக அதை இருமுறை கிளிக் செய்யப் போகும். கையைக் கட்டுங்கள்.

நலிந்த டிஸ்கெட் எத்தனை முறை சுற்றும் என்று நமக்குத் தெரியாது. சிலவற்றில் காந்தப் பூச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் உதிரும். கோப்பு கோப்பாகத் திறந்து, இது என்ன, அது என்ன என்று பார்த்தால் தலை முன்னும் பின்னும் ஓடி அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்கும். அதற்குப் பதிலாக, முதல் தடத்திலிருந்து கடைசி வரை ஒரே ஓட்டத்தில் மொத்த வட்டையும் ஒரே கோப்பாக எடுத்துவிடுங்கள். இதற்கு டிஸ்க் இமேஜ் என்று பெயர். அப்புறம் டிஸ்கெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, இமேஜில் ஆயிரம் தடவை தேடலாம். டிஸ்கெட் உள்ளே இருக்கும்போது வேறு எதையும் செய்து பார்க்காதீர்கள்.

விண்டோஸில் வின்இமேஜ் என்ற மென்பொருள் போதும். டிஸ்க் மெனுவில் வட்டை வாசிக்கும் கட்டளையைக் கொடுத்து, முடிந்ததும் சேமியுங்கள். 1.44 எம்பி டிஸ்கெட்டின் இமேஜ் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும். 80 தடம், இரண்டு பக்கம், தடத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட் என்று பெருக்கினால் வரும் எண் அது. குறைந்தால் பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள்.

நடுவில் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த வட்டை ஃபார்மட் செய்யவா? எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். முதல் தடம் வாசிக்கவில்லை என்பதை விண்டோஸ் சொல்லும் விதம் அது. வட்டு காலி என்று அர்த்தமில்லை.

சத்தத்தையும் கேளுங்கள். நல்ல டிஸ்கெட் டக், டக் என்று சீராக ஏறும். ஒரே இடத்தில் கர்ர் கர்ர் என்று திரும்பத் திரும்ப முனகினால் அந்தத் தடம் தகராறு செய்கிறது. கீச்சென்றால் உடனே நிறுத்தி, வெளியே எடுத்து, தலையைத் துடையுங்கள். பஞ்சுக்குச்சியில் அதே ஆல்கஹால் போதும். மேல் தலையை மட்டும் தூக்கி இழுக்காதீர்கள், அது மிக மெல்லிய தகட்டில் நிற்கிறது.

முனகும் டிஸ்கெட்டுகளுக்கு வின்இமேஜைவிட லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ நல்லது. கட்டளை தட்டுவதற்குப் பயப்படுகிறவர்களும் இதைக் கற்றுக்கொள்ளலாம், பலன் உண்டு. உபுண்டு என்ற லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டலாம், உங்கள் விண்டோஸை எதுவும் செய்யாது. உபுண்டுவில் இதன் பொதிக்குப் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, முன்னால் ஒரு ‘ஜி’ அதிகம். அது தெரியாமல் நான் அரை மணி நேரம் தேடினேன். கட்டளையில் மூன்று பெயர் கொடுக்க வேண்டும்: முதலில் டிரைவ், அடுத்து இமேஜ் சேமிக்கும் கோப்பு, கடைசியில் வரைபடக் கோப்பு. வரிசை மாறினால் எழுத வேண்டிய இடம் வாசிக்கும் இடமாகிவிடும். டிஸ்கெட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்பது அப்போது காப்பாற்றும். எது ஃப்ளாப்பி டிரைவ் என்று சந்தேகம் வந்தால் டிரைவுகளின் பட்டியலில் 1.4 எம்பி காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தக் கருவியின் சாமர்த்தியம் அந்த வரைபடக் கோப்பில் இருக்கிறது. முதல் ஓட்டத்தில் எளிதாக வந்ததையெல்லாம் வாரிக்கொள்ளும். வராத இடத்தைக் குறித்துவைத்துத் தாண்டிப் போகும். பிறகு அதே டிஸ்கெட்டை இரண்டாவது டிரைவில் போட்டு, அதே வரைபடத்தைக் காட்டினால், விட்டுப்போன இடங்களை மட்டும் தேடி நிரப்பும். கிராணி ஐயாவின் ஒரு டிஸ்கெட்டில் முதல் டிரைவ் 41 பகுதிகளை விட்டது. இரண்டாவது டிரைவில் 38 வந்தன. மிச்சம் மூன்று. 2,880 பகுதிகளில் மூன்று போனால் பெரிதாக அழ வேண்டியதில்லை.

இமேஜ் ஒவ்வொன்றுக்கும் லேபிளில் இருந்ததையே பெயராக வையுங்கள், லேபிளையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். ‘கோயில் 97 இரண்டு’ என்று பால்பாயிண்டில் எழுதியது சில வேளை கோப்பைவிட அதிகம் சொல்லும்.

உள்ளே என்ன இருக்கிறது

இமேஜை செவன்-ஜிப் என்ற மென்பொருளில் திறந்தால் சாதாரண ஃபோல்டர் மாதிரி பட்டியல் வரும். அங்கிருந்து கோப்புகளை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். வைரஸ் ஸ்கேன் ஒரு தடவை போடுங்கள். அந்தக் காலத்து பூட் வைரஸ் இன்றைய விண்டோஸை ஒன்றும் செய்யாது, ஆனால் வேர்டு கோப்பில் மேக்ரோ வைரஸ் ஒட்டியிருக்கலாம்.

பட்டியல் காலியாக வந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். டிஸ்கெட்டில் கோப்பை அழித்தால் அதன் பெயரின் முதல் எழுத்து மாறி, இடம் காலி என்று குறிக்கப்படும், உள்ளடக்கம் வேறு எதுவும் மேலே எழுதப்படும்வரை அங்கேயே இருக்கும். டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்ற இரண்டு மீட்பு மென்பொருளும் இலவசம். இமேஜை அவற்றுக்குக் கொடுங்கள். ‘காலி’ என்று பென்சிலில் எழுதியிருந்த ஒன்றிலிருந்து இரண்டு வருடக் கோயில் வரவு செலவு வந்தது.

கணக்குகள் பெரும்பாலும் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்கு மென்பொருளில் இருக்கும். இன்றைய எக்செல் அதை ஏற்காது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் திறக்கும். டிபேஸ், வேர்ட்பெர்ஃபெக்ட், மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ், பேஜ்மேக்கர் கோப்புகளையும் அதிலேயே முயன்று பாருங்கள். வேர்டு 95-க்கு முந்தைய கோப்பை இன்றைய வேர்டு பாதுகாப்புக் காரணம் சொல்லித் தடுக்கும். அமைப்புகளில் போய் மல்லுக்கட்டுவதைவிட லிப்ரே ஆபீஸில் திறப்பது சுலபம். வேர்ட்ஸ்டார் கோப்பு சாதாரண எடிட்டரில் வந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் குப்பையாகத் தெரியும். அந்த மென்பொருள் அந்த எழுத்தில் ஒரு பிட்டை ஏற்றிவைக்கும், அவ்வளவுதான். கோப்பு கெடவில்லை.

தமிழ்க் கோப்பா? இனிதான் வேலை

டிஸ்கெட் மீட்பு பற்றிப் பேசும் யாரும் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்குத் தேவைப்படாது. நமக்குத் தேவை.

பேர் லிஸ்ட்டு வந்துவிட்டது என்று மகிழ்ந்து திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். யூனிகோடு என்ற பொதுக் குறியீடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்துவைத்த எழுத்துருவைத்தான் எல்லோரும் பயன்படுத்தினோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். வேர்டு கோப்பு என்றால் எழுத்தின்மேல் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெயர்ப் பெட்டியைப் பாருங்கள். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். வெறும் டெக்ஸ்ட் கோப்பில் பெயர் இருக்காது, ஊகிக்க வேண்டும். அரைப்புள்ளி மழையாகக் கொட்டியிருந்தால் பாமினியாக இருக்கலாம். அதில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கும் இடமே அரைப்புள்ளிதான். மேலே கொம்பும் கொண்டையும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் நிறைய இருந்தால் டிஸ்கி, டாப், டாம் போன்ற குறியீடுகளில் ஒன்று. நம் நாட்டுக் கோப்புகளில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டியவை நிறைய வரும்.

குறியீடு தெரிந்ததும் என்எச்எம் கன்வெர்ட்டர் அல்லது பொங்கு தமிழ் மாற்றியில் ஒட்டி யூனிகோடுக்கு மாற்றுங்கள். தெரியாவிட்டால் ஒரு வரியை எடுத்து ஒவ்வொரு குறியீடாகப் போட்டுப் பாருங்கள். சரியானது வந்தவுடன் கண்ணுக்கே தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. டிஸ்கி போன்ற கோப்பை நோட்பேடில் திறந்து, தெரியாத்தனமாகச் சேமித்துவிடாதீர்கள். அதற்குப் புரியாத எழுத்துகள் மாறிப்போகலாம், பிறகு திரும்பாது. பாமினி கோப்பை வேர்டில் திருத்தத் தொடங்கினால் தானாகத் திருத்தும் வசதியை முதலில் நிறுத்துங்கள். பாமினியில் ஆங்கிலச் சிறிய எழுத்து ‘எம்’ தான் ‘அ’, பெரிய எழுத்து ‘எம்’ தான் ‘ஆ’. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறேன் என்று வேர்டு உதவிக்கு வந்தால் அம்மா ஆம்மாவாகிவிடுவார். எனக்கு ஆனது, ஒரு பக்கம் முழுக்க.

தமிழுக்கு நடுவே ஆங்கிலத்தில் எழுதிய பெயர், முகவரி இருந்தால் அந்த மாற்றி மென்பொருள் அவற்றையும் தமிழாக்கிக் குழப்பும். அந்த இடங்களை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால் சரிசெய்யுங்கள். அப்புறம், இப்படிப்பட்ட பட்டியல்களில் அடையாள அட்டை எண்ணும் சேமநிதி எண்ணும் இருக்கும். இணைய மாற்றியில் ஒட்டும் முன் அந்த நெடுவரிசையை எடுத்துவிடுங்கள். வாட்சாப் குழுவில் போடும் முன்பும்தான்.

முடிந்ததை இரண்டு இடத்தில் வையுங்கள்: மாற்றிய கோப்பு, மாற்றாத கோப்பு, இமேஜ் மூன்றும் சேர்ந்தே. நாளைக்கு இன்னும் நல்ல மாற்றி வந்தால் மூலம் வேண்டும்.

23-இல் 17 முழுதாக வந்தன. மூன்றில் சில பகுதிகள் இல்லை. இரண்டு என் புண்ணியத்தில் போனவை. ஒன்று இரண்டு டிரைவிலும் முனகிக்கொண்டே இருக்கிறது, மேசை இழுப்பறையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு கிடக்கிறது, மூன்றாவது டிரைவ் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஐயா வந்து பட்டியலைத் திரையில் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். “அஞ்சாவது லயம், மூணாவது கதவு... இவுங்க ஆயாதான் கோயிலுக்குத் தெனம் பூ கட்டுவாங்க.” கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார்.

“பெரிய எழுத்துல போட்டுக் குடு தம்பி. கண்ணு தெரியல.”

18 புள்ளியில் அச்சடித்தேன். ஒன்பது பக்கம் வந்தது. அதை அந்த மைலோ டின்னிலேயே சுருட்டி வைத்து எடுத்துப் போனார்.